யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு நாள்: பாசையூர் முதல் பண்ணை வரை முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாண நகரத்துக்கு ஆறு கிடையாது. குடாநாடு முழுவதற்கும் வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. தெல்லிப்பழைப் பக்கத்து மழைவெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு அராலியில் போய் விழும் அதுவும் மாரி காலத்தில்தான் ஓடும். நகரம் முகம் பார்த்து நிற்பது கடல்நீரேரியை. மீனவர்கள் அதைப் பரவைக்கடல் என்பார்கள். கோட்டை, துறைகள், தேவாலயங்கள், மீன் சந்தைகள் எல்லாம் ஆழமில்லாத அந்த உப்புநீரின் ஓரத்திலேயே வளர்ந்தன. யாழ்ப்பாணச் சாப்பாட்டின் பாதி ருசியும் அங்கிருந்துதான் வருகிறது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில், நூலகம், உச்சி வெயிலில் கோட்டை வாசலில் ஒரு படம், பிறகு நயினாதீவு என்று ஓடிவிடுகிறார்கள். கரையோரத்தைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். கரைக்கு என்று ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. விடியலில் மீன் வரும், மத்தியானம் அது சட்டியில் இருக்கும், வெயில் சாய்ந்த பிறகுதான் கோட்டைச் சுவரில் நிற்க முடியும். உங்கள் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த ஒழுங்குக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். இந்த வழிகாட்டியை அப்படித்தான் அமைத்திருக்கிறேன்.

எந்த மாதம், எந்தக் கிழமை

தை முதல் பங்குனி வரை மிக நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, நீரேரியில் வலசை வந்த பறவைகளும் இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை; கரையோரத்தில் நடப்பது கடினம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) பலமாக வீசும், புழுதியும் பறக்கும். ஆனால் அந்தப் பருவத்தின் முற்பகுதியில்தான் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சந்தைக்கு வரும். அதற்காகவே காற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கிழமையும் முக்கியம். பலர் இதை யோசிப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் சைவக் குடும்பங்கள் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. வீட்டுச் சாப்பாடு தரும் சிறிய தங்குமிடங்களிலும் அன்று மரக்கறிதான் கிடைக்கும். கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தொழிலுக்கு ஓய்வு நாளாக வைத்திருப்பதால் அன்று பாசையூர், குருநகர் கரைகளில் சந்தடி குறைவு. ஆடி, ஆவணியில் 25 நாட்கள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவின்போது நகரத்தில் பெரும்பகுதி மரக்கறிக்கு மாறிவிடும். சைவச் சாப்பாட்டை ரசித்து உண்ண அது அருமையான காலம், நண்டுக்கறிக்கு அல்ல. மீனும் வேண்டும், கரையும் கலகலப்பாக இருக்கவேண்டும் என்றால் புதன், வியாழன், சனி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் நாளே முடித்து வைக்கவேண்டியவை

கொழும்பிலிருந்து ரயிலிலும் வரலாம், இரவு பஸ்ஸிலும் வரலாம். 1990-இல் போரினால் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில்தான் மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. என் விருப்பம் பகல் ரயில்தான். ஆனையிறவைத் தாண்டும்போது இரு பக்கமும் நீரும் உப்பளமும் விரியும். குடாநாட்டுக்குள் நுழைகிறோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தங்குமிடத்தைப் பிரதான வீதி, சுண்டுக்குளி, குருநகர்ப் பக்கமாகப் பாருங்கள். விடியற்காலையில் கரைக்குப் போக அதுவே வசதி. அறை பதியும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, காலையில் மீனோ நண்டோ வாங்கி வந்தால் சமைத்துத் தருவார்களா? வீட்டோடு சேர்ந்த விடுதிகளில் இதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இரண்டு, இரவுக்கு ஒடியற்கூழ் காய்ச்சித் தருவார்களா? ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு. அதன் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேல்நீரை வடித்துக் கயர்ப்பை (துவர்ப்பை) எடுக்கவேண்டும். கூழுக்குப் போடும் சாமான்களும் ஒரு பெரிய பட்டியல். அதனால் நினைத்தவுடன் கிடைக்காது, முதல் நாளே சொல்லி வைக்கவேண்டும்.

போக்குவரத்துக்குச் சைக்கிளை மிஞ்சியது இல்லை. மேடு பள்ளம் இல்லாத ஊர், கரையோர வீதியும் சமதரை. வாடகைக்குத் தரும் இடத்தைத் தங்குமிடத்திலேயே சொல்வார்கள். சைக்கிள் ஓடமாட்டீர்கள் என்றால் ஓட்டோ இருக்கிறது. ஏறமுன் காசைப் பேசிக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் அவசியம்.

படி 1: விடியற்காலை, பாசையூர் அல்லது குருநகர்

ஐந்தரைக்குப் புறப்படுங்கள். ஆறு மணிக்குக் கரையில் நிற்கவேண்டும்.

நகரத்தின் தென்கிழக்கு விளிம்பில் பாசையூர், அதற்கு மேற்கே குருநகர். இரண்டும் பழைய மீனவர் ஊர்கள். இரவு போட்ட வலைகளை இழுத்துக்கொண்டு வள்ளங்கள் வந்து சேரும் நேரம் அது. மீனைத் தரையிலோ மேடையிலோ கூறு கூறாகக் குவித்து ஏலம் கூறுவார்கள். விலை வேகமாக ஏறும். சைக்கிள் வியாபாரிகள் எடுத்துக்கொண்டு ஊர்களுக்குப் போய்விடுவார்கள். அரை மணித்தியாலத்தில் ஒரு கூறு மறைந்து இன்னொன்று வந்துவிடும்.

இங்கே பார்க்கவேண்டியது மீன் வகை. ஆழ்கடலிலிருந்து வரும் அறக்குளாவும் பாரையும் பெரிதாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் இந்தக் கரைக்கே உரியவை பரவைக்கடலின் சிறிய மீன்கள்: ஓரா, ஒட்டி, திரளி, கிளக்கன், முரல். யாழ்ப்பாணத்துக்காரர் ஓராவைப் பார்த்துவிட்டால் வேறு மீனைத் திரும்பிப் பார்ப்பது குறைவு. பொரிக்கவும் நல்லது, தேங்காய்ப்பாலில் தீயல் வைக்கவும் நல்லது. நீரேரியின் பல இடங்களில் ஆள் நின்று தொழில் செய்யலாம், அவ்வளவு ஆழக் குறைவு. தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தடிகள் நட்டிருப்பதைக் காண்பீர்கள். அவை இறாலுக்கும் சிறிய மீனுக்கும் கட்டிய வலைகள். நீரோட்டத்தோடு வருவது வலையின் சிறகில் முட்டி, அதன் வழியே நகர்ந்து, கடைசியில் கூட்டுக்குள் போய்விடும்.

வாங்கப்போகிறீர்கள் என்றால் நண்டிலிருந்து தொடங்குங்கள். நீலக்கால் நண்டுதான் இங்கு பெயர்பெற்றது. நல்ல நண்டு கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய பாரமாக இருக்கும், கால்கள் துவளாது, வயிற்றுப் பக்கத்தை அழுத்தினால் உள்ளே போகாது. ஓடு கழற்றிக் கொஞ்ச நாளான நண்டு பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் உள்ளே தண்ணீர்தான். வயிற்றின் வெளியே செம்மஞ்சளாக முட்டை ஒட்டியிருக்கும் பெண் நண்டை வாங்காதீர்கள். அதன் முட்டைகள் நீரேரிக்குத் திரும்பினால்தான் அடுத்த வருடமும் நண்டு இருக்கும். அந்த நண்டை நம்பித்தான் இந்தக் கரையில் நிறைய வீடுகளில் அடுப்பு எரிகிறது. பெரிய நண்டுகளை ஏற்றுமதிக்கு எடுப்பவர்கள் விடியலிலேயே வாங்கிவிடுவதால், சுணங்கினால் சிறியதுதான் மிஞ்சும்.

இறாலும் கணவாயும் கொஞ்சம் எடுத்தால் இரவுக் கூழுக்கும் ஆகும். மீன் வெட்டித் தருபவர்கள் அங்கேயே இருப்பார்கள். சிறு கூலி கொடுத்துத் துப்பரவாக்கி எடுங்கள். ஓரா வாங்கினால் இது கட்டாயம். அதன் முள் குத்தினால் கடுக்கும், பழகாத கை தொடக்கூடாது.

இன்னொன்று. இது சனங்கள் வயிற்றுக்காக உழைக்கும் இடம். கமராவைத் தூக்கமுன் ஒரு சிரிப்பு, ‘படம் எடுக்கலாமா அண்ணை?’ என்று ஒரு கேள்வி. அநேகமாகச் சரி என்பார்கள். ஏலம் நடக்கும் வட்டத்துக்குள் நுழைந்து நின்று வழியை மறிக்காதீர்கள்.

பிறகு பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்காருங்கள். சூடான பிளேன்டீ, றோஸ் பாண், செத்தல் மிளகாய்ச் சம்பல். மீன் வாங்காதவர்களுக்கும் இந்தக் காலை நிறைவாக இருக்கும்.

படி 2: கரையோர வீதி வழியாக மேற்கே

வாங்கியதைத் தங்குமிடத்தில் கொடுத்துவிட்டு ஏழரைக்கு மறுபடி கிளம்புங்கள். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கத்தோலிக்கம் வேரூன்றிய பகுதி இது. பாசையூரில் புனித அந்தோனியார் ஆலயம், ஆனியில் திருவிழா. குருநகரில் புனித யாகப்பர் ஆலயம். 1993-இல் விமானக் குண்டுவீச்சில் சேதமாகி மீண்டும் எழுந்தது. கொஞ்சம் உள்ளே போனால் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் மரியன்னை பேராலயம். முழங்கால் மூடிய உடுப்போடு போய், பூசை நடந்தால் பின்வரிசையில் அமைதியாக இருக்கலாம். பிரதான வீதியில் பழைய ஓட்டு வீடுகளும் தூண் வைத்த விறாந்தைகளும் இன்னும் சில மிச்சம். அவை ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன, கண்டால் நின்று பாருங்கள்.

படி 3: முற்றவெளியும் நூலகமும்

ஒன்பதரை போல் நகர மையத்துக்கு வந்துவிடுவீர்கள். கோட்டைக்கு முன்னாலுள்ள பெரிய வெளிதான் முற்றவெளி. அங்கே 1974 தைமாதம் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுத் தூண்கள் நிற்கின்றன. கோட்டை அகழியை ஒட்டி முனியப்பர் கோயில். கிட்டவே மணிக்கூட்டுக் கோபுரம். 1875-இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பியது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். 1933-இல் சிறிய வாசிப்பு அறையாகத் தொடங்கிய முயற்சி அது. இப்போதுள்ள வெள்ளைக் கட்டடத்தின் முந்தைய உருவம் 1959-இல் திறக்கப்பட்டது. 1981-இல் எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் சாம்பலாயின. திருத்திக் கட்டி 2003-இல் மீண்டும் திறந்தார்கள். இங்கே வருகிற ஒருவர் வாசலிலிருந்து படம் எடுத்துவிட்டுப் போவது எனக்கு மனவருத்தம் தரும். உள்ளே மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்சியைக் காணாமல் அந்தக் கட்டடத்தைக் கண்டதாகச் சொல்லமுடியாது. பார்வையாளருக்கு அனுமதியுள்ள நேரத்தை வாசலில் கேட்டு, அதன்படி போங்கள். பக்கத்தில் புல்லுக்குளத்தின் கரையில் உயர்ந்து நிற்பது இந்திய உதவியுடன் கட்டிய கலாசார மண்டபம்.

படி 4: மத்தியானச் சாப்பாடு

பன்னிரண்டரைக்குத் தங்குமிடத்துக்குத் திரும்புங்கள். காலையில் வாங்கிய நண்டு இப்போது கறியாகியிருக்கும்.

யாழ்ப்பாணக் கறியின் உயிர் தூளில் இருக்கிறது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து இடித்த ஒரே தூள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நண்டை அந்தத் தூளும் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சி, இறக்குகிற நேரத்தில் ஒரு பிடி முருங்கை இலை போடுவார்கள். நண்டுக்கறியில் முருங்கை இலை மணக்கவில்லை என்றால் ஏதோ குறைகிறது என்று ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். கையால் உடைத்துச் சாப்பிடுங்கள்.

உறைப்பு உங்களுக்குப் புதிது என்றால் சொதி கை கொடுக்கும். தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம். இறக்கிய பிறகே தேசிக்காய்ப்புளி, அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும். சோற்றில் முதலில் கறி, கடைசிப் பிடிக்குச் சொதி. நண்டுக்கும் கணவாய்க்கும் இன்னொரு பொருத்தமான துணை புட்டு. பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்த சிவப்பரிசி மாப் புட்டில் கறிக்குழம்பு ஊறும்போது வரும் சுவை சோற்றில் வராது. வீட்டில் கேட்டால் செய்து தருவார்கள்.

சமைத்துத் தரும் வசதி இல்லையா? நகரத்தில் கடலுணவுக் கடைகள் பல உண்டு. மத்தியானம் உள்ளூர்க் குடும்பங்கள் நிறைந்திருக்கும் கடையைப் பார்த்து நுழையுங்கள். மரக்கறிக்காரருக்குப் பெரியகடைப் பக்கம் மலாயன் கபே நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடம். வாழையிலையில் சோறு, பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, அப்பளம். சாப்பிட்டு முடிந்ததும் இலையை எடுத்து அதற்கென்று உள்ள இடத்தில் போட்டுவிடவேண்டும்.

படி 5: வெயில் நேரம்

ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை வெளியே அலையாதீர்கள். உறங்குங்கள். முடியாதென்றால் சந்தைக்குப் போய்ப் பனம்பொருள் வாங்கலாம்: குட்டான் என்ற சிறிய ஓலைப்பெட்டியில் கட்டிய பனங்கட்டி, புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனாட்டு (வெயிலில் உலர்த்திய பனம்பழக் களி), ஒடியல். பனங்கட்டியை வாயில் வைத்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பதுதான் ஊர் வழக்கம். கறித்தூளை அரைக்கும் ஆலையில் புதிதாக வாங்குங்கள். கருவாடு வாங்கினால் இரண்டு மூன்று பையில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், ரயிலில் பக்கத்தில் இருப்பவரையும் நினைக்கவேண்டும்.

படி 6: நாலரைக்குக் கோட்டை

1619-இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இந்தக் கரையில் நாற்சதுரமாகக் கோட்டை அமைத்தார்கள். 1658-இல் சில மாத முற்றுகைக்குப் பிறகு அது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கையில் விழுந்தது. அவர்கள் அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். உட்கோட்டை 1680 அளவில் முடிந்தது. வெளி அரண் வேலைகள் முடிய 1792 ஆனது. மூன்றே வருடத்தில், 1795-இல், ஆங்கிலேயர் சண்டையின்றியே எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு உழைத்துக் கட்டிய வெளி அரண் அப்போது ஒரு சண்டையும் காணவில்லை. உண்மையான போர் இருநூறு வருடம் கழித்து, 1990-இல், ஈழப்போரின்போது வந்தது. ஒல்லாந்தர் 1706-இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் அந்தக் காலத்தில் அழிந்தது. உள்ளே போனால் அதன் கற்குவியலைக் காணலாம்.

வாசலால் நுழைந்ததும் நேரே மேலே ஏறிவிடாதீர்கள். முதலில் கீழே சுற்றி, சுவரைத் தொட்டுப் பாருங்கள். நெருங்கிப் பார்த்தால் முருகைக்கல்லின் சிறு துளைகளும் கோடுகளும் தெரியும். கடலுக்கு அடியில் வளர்ந்த கல்லை வெட்டியெடுத்து அடுக்கிய சுவர் இது. போருக்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியோடு திருத்திய பகுதிகளும், திருத்தாமல் விட்ட பகுதிகளும் நிறத்திலேயே வேறுபடும். இடிந்த சுவரில் ஏறாதீர்கள், கற்கள் ஆடும்.

பிறகு சாய்பாதையால் கொத்தளத்துக்கு ஏறி, ஐந்து மூலையையும் சுற்றி நடங்கள். நிழல் கிடையாது, அதனால்தான் இந்த நேரம். நகரப் பக்கம் அகழியும் முற்றவெளியும் நூலகத்தின் வெள்ளைக் கோபுரமும். மறுபக்கம் நீரேரி, தூரத்தில் மண்டைதீவு. சூரியன் மறைவது பருவத்துக்கு ஏற்ப ஏறக்குறைய ஐந்தேமுக்காலிலிருந்து ஆறரை வரை. கோட்டை மூடும் நேரத்தை உள்ளே வரும்போதே கேட்டு வைத்து, அதற்கு அரை மணித்தியாலம் முன் மேற்கு மூலைக்கு வந்துவிடுங்கள். என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவருக்கும் இந்த மூலையைத்தான் காட்டுவேன்.

படி 7: பண்ணை

கோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் பண்ணைக் கரை. மாலையானால் பாதி நகரம் இங்கேதான் காற்று வாங்கும். குடும்பம் குடும்பமாக வந்து இருப்பார்கள். கச்சான், சுண்டல், பொரித்த மரவள்ளி, வடை, ஐஸ்கிறீம் என்று வண்டில்கள் நிற்கும். உழுந்து வடையைச் சுடச்சுட வாங்குங்கள். இரவுக்குக் கூழ் இருப்பதை மறக்கவேண்டாம். குளிக்க ஏற்ற இடம் இதுவல்ல, அடி முழுக்கச் சேறு.

இங்கிருந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலம் நீருக்கு நடுவே நீண்ட வீதி. இரு பக்கமும் நீர், வலைத் தடிகள், கண்டல். கார்த்திகை முதல் பங்குனி வரை பூநாரைக் கூட்டம் வருவதுண்டு. அவற்றுக்கு மாலையைவிட விடியல் நல்லது. வாகனங்கள் வேகமாகப் போகும் வீதி என்பதால் இருட்டமுன் திரும்பிவிடுங்கள். கரையோரத்தில் படை முகாம்கள் சில உண்டு, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். வாங்கித் தின்றதன் தாளையும் பையையும் நீரேரியில் விழவிடாமல் கையோடு கொண்டுவாருங்கள்.

படி 8: இரவு, ஒடியற்கூழ்

கூழ் தனி ஆளாகச் சாப்பிடும் சாப்பாடு அல்ல. ஒரு பெரிய பானையைச் சுற்றி ஆட்கள் இருக்கவேண்டும். அந்தப் பானைக்குள் மீன், நண்டு, இறால், கணவாய், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை, கொஞ்சம் அரிசி எல்லாம் அவிந்திருக்கும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்து விட்டு, கடைசியில் ஒடியல் மாவால் தடிப்பாக்குவார்கள். பனையோலையை மடித்த பிளாவில் ஊற்றித் தந்தால் அப்படியே உறிஞ்சிக் குடியுங்கள். கிடைக்காவிட்டால் சிரட்டையிலோ கோப்பையிலோ. முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வரும். நண்டுக் காலைக் கடித்துக்கொண்டு, ஒரு தேங்காய்ச் சொட்டையும் சேர்த்துக்கொண்டால் உறைப்பு அடங்கும். அதற்கு மேல் அன்றைக்கு வேறு சாப்பாடு தேவைப்படாது.

இன்னொரு நாள் இருந்தால்

பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணைக்குப் போங்கள். சாட்டிக் கடற்கரையில் குளிக்கலாம். அதே வீதி புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவானில் முடியும். அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. நயினாதீவுக்குப் போய்வர அரை நாள் போதும். நெடுந்தீவுக்கு முழு நாளையும் ஒதுக்கவேண்டும், இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் காலையிலேயே குறிகட்டுவான் பஸ் ஏறி, இறங்குதுறையில் படகுக்குள் கால் வைக்கமுன் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.